பெண்கள் சிறை உடைக்கும் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன வகைப் படம்?

ஒரு படம் பார்த்தால் பத்துப் படம் பார்த்த மாதிரி. செய்த குற்றத்துக்கோ செய்யாத குற்றத்துக்கோ ஒரு பெண் சிறைக்கு வருவாள். உள்ளே ஈவிரக்கமில்லாத ஒரு பெண் வார்டன் இருப்பாள். ஒரு குளியலறைக் காட்சி, கைதிகளுக்குள் ஒரு குடுமிப்பிடிச் சண்டை, தனிக்கொட்டடி, சவுக்கடி எல்லாம் வரிசையாக வரும். கடைசி இருபது நிமிடத்தில் யார் கைக்காவது துப்பாக்கி வந்துவிடும். கதவு உடையும், அப்புறம் காட்டுக்குள் ஓட்டம்.

1969-லிருந்து 1980-களின் நடுப்பகுதி வரை அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஸ்பெயின், இத்தாலி, ஜப்பான் என்று பல இடங்களில் இதே கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஆங்கிலத்தில் 'விமன் இன் பிரிசன்' படங்கள் என்பார்கள். இவை 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரிய நடிகரும் இல்லை, பெரிய முதலும் இல்லை என்றால் விற்பதற்கு வேறு ஏதாவது சரக்கு வேண்டுமே! பெண்ணுடல், ரத்தம், கலவரம் என்று போஸ்டரில் போடக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு படம் பண்ணுவார்கள். பல சமயம் தலைப்பும் போஸ்டரும் முதலில் தயாராகும், கதை அப்புறம் வரும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இது பலான படமா?

இல்லை. ஆனால் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது போடவும் முடியாது.

அமெரிக்காவில் 1968 வரை ஹாலிவுட்டைக் கட்டிவைத்திருந்த பழைய தணிக்கை விதிகள் போய், அந்த வருடம் நவம்பரில் வயதுவாரியான தரச்சான்று முறை வந்தது. அதில் 'ஆர்' என்ற சான்று கிடைத்தால் சிறுவர்கள் பெரியவர் துணையோடுதான் உள்ளே வரலாம். நிர்வாணத்தையும் வன்முறையையும் ஓரளவுக்குக் காட்டலாம், சாதாரணத் தியேட்டரிலேயே ஓட்டலாம். இந்தப் படங்கள் எல்லாம் அந்தக் கோட்டின் மேல் நின்று ஆடியவைதான்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாலியல் வன்முறையை வேடிக்கைப் பொருளாகக் காட்டும் காட்சிகள் இவற்றில் உண்டு. 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லி அவற்றைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. உங்களாலும் முடியாமல் போகலாம்.

இதையெல்லாம் தொடங்கியது யார்?

பெண்கள் சிறையை ஹாலிவுட் 1930-களிலேயே தொட்டுவிட்டது. 1933-இல் பார்பரா ஸ்டான்விக் நடித்து ஒரு படம் வந்தது. ஆனால் இந்த வகைக்குப் பாட்டி என்றால் 1950-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'கேஜ்ட்' படம்தான். அதை எழுதிய வர்ஜீனியா கெல்லாக், கைதியைப் போலவே சிறைகளுக்குள் போய்த் தங்கிப் பார்த்துவிட்டு வந்து கதை எழுதினார். எலினார் பார்க்கர் பத்தொன்பது வயது அப்பாவிப் பெண்ணாக உள்ளே போகிறார், கல்நெஞ்சக்காரியாக வெளியே வருகிறார். சிறைக்குள் போன ஆள் திருந்தவில்லை, கெட்டுத்தான் வந்தாள் என்பதை அன்றைக்கே ஒளிவுமறைவில்லாமல் சொன்ன படம். மூன்று ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

அதிலிருந்த பாத்திரங்களை அப்படியே எடுத்துக்கொண்டு, அக்கறையைக் கழற்றிவிட்டு, ஆடையையும் கொஞ்சம் கழற்றினால் கிடைப்பதுதான் 1969-இல் ஸ்பெயின்காரர் ஜெஸ் ஃபிராங்கோ எடுத்த '99 விமன்'. அது ஓடியது. அடுத்து களத்தில் இறங்கியவர்தான் ரோஜர் கார்மன்.

கார்மன் யார்?

ஹாலிவுட்டின் சிக்கனச் சக்கரவர்த்தி. 1926-இல் பிறந்து 2024-இல் 98 வயதில் இறந்தார். 1970-இல் 'நியூ வேர்ல்ட் பிக்சர்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் பலரும் ஒரே விதியை நினைவுகூர்வார்கள்: அடிதடி வேண்டும், கொஞ்சம் கவர்ச்சி வேண்டும், சிரிப்பு வேண்டும், இதையெல்லாம் குறையில்லாமல் கொடுத்த பிறகு கொஞ்சம் அரசியலும் பேசிக்கொள்ளலாம். அந்தக் கடைசிச் சலுகையால்தான் இந்தப் படங்களைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு வேடிக்கை. ஒரு பக்கம் சிறைப் படங்களை, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களுக்கு அனுப்பிக்கொண்டே, இன்னொரு பக்கம் ஐரோப்பியக் கலைப்பட மேதைகளான பெர்க்மனின் 'கிரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்', ஃபெலினியின் 'அமர்கார்ட்' ஆகியவற்றை அமெரிக்காவில் வெளியிட்டதும் இதே கம்பெனிதான்.

ஏன் எல்லாவற்றையும் பிலிப்பைன்ஸில் போய் எடுத்தார்கள்?

காசுதான் முதல் காரணம். 1971-இல் ஜேக் ஹில் இயக்கிய 'தி பிக் டால் ஹவுஸ்' படத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் செலவு சுமார் 1,25,000 டாலர். அந்தப் பணத்தில் கலிஃபோர்னியாவில் ஒரு சிறை, ஒரு காடு, ஒரு ராணுவம் மூன்றையும் காட்ட முடியாது. மணிலாவுக்குப் பக்கத்தில் காட்ட முடிந்தது.

ஆனால் கூலி மலிவாக இருந்த நாடுகள் எத்தனையோ உண்டு. பிலிப்பைன்ஸ் 1898 முதல் 1946 வரை அமெரிக்காவின் கையில் இருந்த நாடு, அதனால் லைட்பாயிலிருந்து துணை நடிகர் வரை ஆங்கிலத்தில் பேசி வேலை வாங்க முடிந்தது. அதைவிட முக்கியம், அங்கே ஏற்கெனவே பழுத்த சினிமாத் தொழில் இருந்தது. செட் போடத் தெரிந்தவர்கள், குண்டு வைக்கத் தெரிந்தவர்கள், உயரத்திலிருந்து குதிக்கத் தயங்காதவர்கள் எல்லோரும் இருந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடு என்ற பேச்சே அங்கே கிடையாது என்று அந்தக் காலத்து ஆட்கள் பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். கீழே விழுந்து அடிபட்ட சண்டைக்காரர்களும் அப்படிச் சிரித்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

இந்த இடத்தில் இரண்டு பெயர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும். நடிகை பாம் கிரியர் கொடூர வார்டனாக வரும் 'விமன் இன் கேஜஸ்' (1971) படத்தை இயக்கியவர் ஹெரார்டோ தே லியோன். இரண்டு கைதிகளைச் சங்கிலியால் பிணைத்து ஓடவிட்ட 'பிளாக் மாமா, ஒயிட் மாமா' (1973) படத்தை இயக்கியவர் எடி ரொமேரோ. (அந்த 'மாமா' ஆங்கில அம்மா, நம் ஊர் மாமா இல்லை.) இந்த இருவருமே பின்னாளில் தங்கள் நாட்டில் கலைஞர்களுக்கான மிக உயர்ந்த கௌரவமான 'தேசியக் கலைஞர்' பட்டம் பெற்றவர்கள். தே லியோனுக்கு அது 1982-இல், இறந்த பிறகு வந்தது. ரொமேரோவுக்கு 2003-இல் வந்தது. அமெரிக்க வெளியூர் வியாபாரத்துக்காக எடுத்த இந்தப் படங்களுக்காக அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. சொந்த மக்களுக்காக எடுத்த படங்களுக்குக் கிடைத்தது. ஆனால் ஒரு நாட்டின் தலைசிறந்த இரண்டு இயக்குநர்கள் அமெரிக்க டிரைவ்-இன்களுக்காகக் குளியலறைக் காட்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அப்போது அங்கே மார்க்கோஸ் ஆட்சி இல்லையா?

ஆமாம். 1972 செப்டம்பரில் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தார். நிஜ எதிர்க்கட்சிக்காரர்களும் பத்திரிகையாளர்களும் நிஜச் சிறைக்குப் போனார்கள். அதே நாட்டில் அதே வருடங்களில், சர்வாதிகாரியை எதிர்த்துக் காட்டில் போராடும் புரட்சிக்காரர்களையும் சிறையை உடைக்கும் பெண்களையும் அமெரிக்கர்கள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். டாலர் வந்தது, யாரும் தடுக்கவில்லை. பல படங்களில் நாட்டின் பெயரே வராது. வாழைத்தோப்பும் சீருடையும் உள்ள ஏதோ ஒரு தீவு என்று விட்டுவிடுவார்கள். நாயகிகள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், பின்வரிசையில் நிற்கும் கைதிகள் உள்ளூர்ப் பெண்கள். அந்தப் பின்வரிசைக்குப் பெயரும் கிடையாது, வசனமும் கிடையாது. சிறை எரியும்போது யார் வெளியே வந்தார்கள், யார் வரவில்லை என்று கேமரா திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.

'தி பிக் பேர்ட் கேஜ்' படத்தில் வரும் அந்த மூங்கில் கோபுரம் நிஜமா?

படத்துக்காகக் கட்டியது, ஆனால் நிஜமாகவே கட்டியது. 1972-இல் வந்த இந்தப் படத்தில் சிறைக்கு நடுவே பல மாடி உயரத்துக்கு மூங்கிலால் ஆன கரும்பு ஆலை நிற்கும். கைதிகள் அதன் மேலேறி வேலை பார்ப்பார்கள், கால் இடறினால் உயிர் போகும். அதை வடிவமைத்தவர் இயக்குநர் ஜேக் ஹில்லின் அப்பா ரோலண்ட் ஹில். டிஸ்னிக்காக வேலை பார்த்த கலை இயக்குநர் அவர், டிஸ்னிலாண்டின் கோட்டை வடிவமைப்பிலும் கை வைத்தவர். குழந்தைகளுக்குக் கோட்டை கட்டியவர் மகனுக்காகச் சிறை கட்டிக் கொடுத்திருக்கிறார்! இந்த வகைப் படங்களில் செட் நினைவில் நிற்பது அபூர்வம். இதில் நிற்கிறது, எரியும்போது இன்னும் அழகாக இருக்கிறது.

பாம் கிரியரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு படக் கம்பெனியின் டெலிபோன் போர்டில் உட்கார்ந்து வேலை பார்த்த பெண், 'தி பிக் டால் ஹவுஸ்' வாய்ப்பு வந்ததும் பிலிப்பைன்ஸுக்கு விமானம் ஏறினார். நடிப்புப் பயிற்சி பெரிதாக இல்லை, ஆனால் திரையில் அவர் வந்துவிட்டால் கண் வேறு எங்கும் போகாது. அந்தப் படத்தின் பாட்டையும் அவரே பாடினார். இருபத்தாறு வருடம் கழித்து, 1997-இல் இயக்குநர் டாரன்டினோ அவரை 'ஜாக்கி பிரவுன்' படத்தில் நாயகியாக்கியபோது அதே பாட்டை எடுத்து அதில் வைத்தார்.

'விமன் இன் கேஜஸ்' படத்தில் அவர் சித்திரவதை செய்யும் வார்டன். வெள்ளைக்காரக் கைதி, நீ எந்த நரகத்திலிருந்து வந்தாய் என்கிற மாதிரி கேட்க, ஹார்லெம் என்று, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பெயரைப் பதிலாகச் சொல்வார். ஒரே சொல்லில் அந்த வில்லிக்கு ஒரு வாழ்க்கை வந்துவிடும். நூறு வரி வசனத்தில் வராதது.

1973-இல் 'காஃபி', 1974-இல் 'ஃபாக்ஸி பிரவுன்' என்று அவர் தனி நாயகியானார். இரண்டையும் இயக்கியவர் ஜேக் ஹில்தான். கறுப்பினப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்கலாம் என்பதை அமெரிக்கா அப்போதுதான் கண்டுகொண்டது.

கடைசியில் உண்மையிலேயே தப்பிக்கிறார்களா?

நல்ல கேள்வி. போஸ்டரைப் பார்த்தால் தப்பித்துவிடுவார்கள் என்றுதான் தோன்றும். படத்தில் பாதிக்கு மேல் செத்துப்போவார்கள்.

'பிளாக் மாமா, ஒயிட் மாமா' படத்தில் ஒருத்தி விபசாரத்திலிருந்து வந்தவள், ஒளித்து வைத்த 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஓடப் பார்க்கிறாள். இன்னொருத்தி பணக்கார வீட்டுப் புரட்சிக்காரி, தோழர்களுக்கு ஆயுதம் சேர்க்க வேண்டும். சங்கிலி ஒன்று, திசை இரண்டு. கடைசியில் புரட்சிக்காரி துறைமுகத்தில் சாகிறாள், பணத்தோடு போனவள் படகில் தப்புகிறாள். காசு வேண்டும் என்றவள் பிழைத்தாள், நாட்டை மாற்ற வேண்டும் என்றவள் பிழைக்கவில்லை. கசப்பான முடிவு. இதற்காகவே இந்தப் படத்தை எனக்குப் பிடிக்கும்.

'கேஜ்ட் ஹீட்' (1974) வேறு மாதிரி. தப்பித்து வெளியே போனவர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட தோழிகளை மீட்க மறுபடியும் அதே சிறைக்குள் வருகிறார்கள். ஓடிப்போவதற்காகச் சிறையை உடைப்பது எல்லாப் படத்திலும் உண்டு. உள்ளே போவதற்காக உடைப்பது இதில்தான்.

'கேஜ்ட் ஹீட்' எடுத்தவர்தான் 'சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்' எடுத்தவரா?

அவரேதான், ஜானதன் டெம்மி. இதுதான் அவர் இயக்கிய முதல் படம். ஒளிப்பதிவு டாக் ஃபுஜிமோட்டோ, இசை 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்ற ராக் இசைக்குழுவிலிருந்து வந்த ஜான் கேல். சக்கர நாற்காலியில் வரும் சிறை அதிகாரியாக இத்தாலியப் பேய்ப்படங்களின் ராணி பார்பரா ஸ்டீல். இத்தனை பேர் சேர்ந்து எடுத்த டிரைவ்-இன் படம்!

அடங்காத கைதிகளின் மூளையில் மருத்துவர் கை வைக்கும் பகுதி படத்தில் உண்டு. அது வெறும் திகில் கற்பனை இல்லை. கைதிகளுக்கு மூளை அறுவை செய்வது பற்றி அந்த வருடங்களில் கலிஃபோர்னியாவில் பெரிய சர்ச்சையே நடந்தது. கொஞ்சம் அரசியலும் பேசிக்கொள்ளலாம் என்ற கார்மனின் சலுகையை டெம்மி அளவுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் இல்லை. 'சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்' (1991) படத்திலும் ஒளிப்பதிவு ஃபுஜிமோட்டோதான், எஃப்.பி.ஐ. தலைவராக ஒரு காட்சியில் வந்து போகிறவர் சாட்சாத் கார்மன்.

பெண்கள் யாராவது இயக்கினார்களா?

இந்த வகைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லத்தக்க படம் எடுத்தவர் ஸ்டெஃபனி ராத்மன். கார்மனிடம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து 1973-இல் 'டெர்மினல் ஐலண்ட்' எடுத்தார். மரண தண்டனை ஒழிந்த கலிஃபோர்னியாவில் கொலைக் குற்றவாளிகளை ஒரு தீவில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்பது கதை. அதற்கு முந்தைய வருடம்தான் அம்மாநில உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்திருந்தது. தீவில் ஆண் கைதிகள் பெண்களைப் பொதுச்சொத்து மாதிரி வைத்திருக்கிறார்கள். பெண்கள் தப்பி இன்னொரு கூட்டத்தோடு சேர்ந்து திருப்பி அடிக்கிறார்கள், பிறகு இருபாலரும் சமமாக வாழ ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். மற்ற படங்கள் தப்பித்ததும் முடிந்துவிடும். அப்புறம் எப்படி வாழ்வது என்று யோசித்தவர் ராத்மன்தான். டெம்மிக்கு ஹாலிவுட் கதவு திறந்தது, ராத்மனுக்குத் திறக்கவில்லை. 1974-க்குப் பிறகு அவர் படம் இயக்கவே இல்லை.

ஜப்பானியப் படங்கள் வேறு ரகம் என்கிறார்களே?

வேறு ரகம் மட்டுமில்லை, வேறு உயரம். 'ஃபீமேல் பிரிசனர் ஸ்கார்ப்பியன்' வரிசை டோரு ஷினோஹராவின் மாங்காவிலிருந்து (ஜப்பானியப் படக்கதை) வந்தது. டோயே ஸ்டுடியோ எடுத்தது. 1972 ஆகஸ்ட் முதல் 1973 டிசம்பர் வரை நான்கு படங்கள். முதல் மூன்றை இயக்கியவர் ஷுன்யா இட்டோ, முதல் படம்தான் அவருடைய அறிமுகம்.

கதை எளிது. போலீஸ்காரக் காதலன் தன் வேலைக்காக நாமி என்ற பெண்ணைப் பலிகொடுத்துக் கைவிடுகிறான். அவள் அவனைக் கொல்லப் பார்த்துச் சிறைக்கு வருகிறாள். தப்பிக்கிறாள், பழி தீர்க்கிறாள். சிறையில் அவள் பெயர் சசோரி, அதாவது தேள். நம் ஊரில் தேள் கொட்டிய திருடன்தான் வாய் திறக்க மாட்டான். இங்கே கொட்டுகிற தேளே வாய் திறப்பதில்லை. மாங்காவில் அவள் கெட்ட வார்த்தை பொழிபவள், மெய்கோ காஜி அதைக் குறைத்துப் பார்வையாலேயே நடித்தார். இரண்டாவது படத்தில் அவருக்கு வசனம் கிட்டத்தட்ட இல்லை.

காஜி ஏற்கெனவே ஒரு ஸ்டுடியோவிலிருந்து விலகி வந்தவர். 1971-இல் நிக்காட்ஸு நிறுவனம் கவர்ச்சிப் படங்களுக்கு முழுக்க மாறியபோது, அதில் நடிக்கப் பிடிக்காமல் டோயேவுக்கு வந்தார். வந்த இடத்தில் கிடைத்தது பெண்கள் சிறைப் படம்!

முதல் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தேசியக்கொடி பறக்கிறது, சிறை அதிகாரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தில் அபாயச் சங்கு ஊதுகிறது. கைதி ஓடிவிட்டாள். சிறை, போலீஸ், அரசு, ஆண் எல்லாம் ஒரே கை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார் இட்டோ. அப்புறம் மேடை நாடகம் போலச் சுழலும் செட், நிறம் மாறும் வானம் என்று படம் வேறெங்கோ போய்விடுகிறது. பாட்டை எழுதியவரும் இட்டோதான், பாடியவர் காஜி. டாரன்டினோவின் 'கில் பில்' பார்த்தவர்கள் அதைக் கேட்டிருப்பீர்கள்.

இவற்றைப் பெண்ணியப் படங்கள் என்று சொல்லலாமா?

சிலர் அப்படிச் சொல்கிறார்கள். பெண்கள்தான் நாயகர்கள், பெண்கள்தான் துப்பாக்கி தூக்குகிறார்கள், அதிகாரத்தை எதிர்த்து ஒன்று சேர்கிறார்கள், வந்து காப்பாற்ற ஓர் ஆண் தேவைப்படவில்லை. 1971-இல் பெரிய ஸ்டுடியோ படங்களில் இது அவ்வளவாகக் கிடையாது. எல்லாம் உண்மை.

ஆனால் அந்தப் பெண் அடி வாங்குவதைக் கேமரா எவ்வளவு நேரம், எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்றும் பாருங்கள். எழுபது நிமிடம் அவளை விற்றுவிட்டு, இருபது நிமிடம் அவளைப் பழிவாங்க விடுகிறார்கள். அந்த இருபது நிமிடத்துக்காக முந்தைய எழுபதை மன்னிக்கச் சொன்னால் நான் மாட்டேன். அந்த எழுபதைக் காரணம் காட்டி இருபதைத் தூக்கி எறியச் சொன்னாலும் மாட்டேன். பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது.

நிஜச் சிறைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மிகக் குறைவு. வழக்கறிஞர், ஜாமீன், வெளியே காத்திருக்கும் குழந்தை என்று நிஜக் கைதியின் நாளை நிரப்பும் எதுவும் இந்தப் படங்களில் தலைகாட்டாது.

இந்த அலை எப்படி ஓய்ந்தது?

மெல்ல மெல்ல. 'ஜாஸ்', 'ஸ்டார் வார்ஸ்' காலத்துக்குப் பிறகு பெரிய ஸ்டுடியோக்கள் சில்லறைப் பட விஷயங்களையே கோடிக்கணக்கில் எடுக்க ஆரம்பித்தன. டிரைவ்-இன்கள் மூடின, வீடியோ கேசட் வந்தது. 1983-இல் லிண்டா பிளேர் நடித்த 'செயின்ட் ஹீட்' ஓடியது. 1986-இல் வந்த 'ரிஃபார்ம் ஸ்கூல் கேர்ல்ஸ்' தன்னைத்தானே கிண்டலடித்துக்கொண்டது. கதைக்களம் டிவிக்குப் போய்க் கௌரவமானது. ஆஸ்திரேலியாவின் 'பிரிசனர்' தொடர் 1979 முதல் 1986 வரை 692 பகுதிகள் ஓடியது.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எதைத் தொடவே வேண்டாம்?

முதலில் 'கேஜ்ட்' (1950). அதைப் பார்த்தால் மற்றவை எதை நகலெடுத்தன என்று புரியும். அடுத்து 'ஸ்கார்ப்பியன்' முதல் இரண்டு. அப்புறம் 'கேஜ்ட் ஹீட்', 'பிளாக் மாமா, ஒயிட் மாமா'. ஜேக் ஹில்லின் இரண்டு சிறைப் படங்களையும் சிரிக்கத் தயாராக இருக்கும் நாளில் பாருங்கள். நாஜி முகாமைக் களமாக்கிய 'இல்சா' (1975) மாதிரியான படங்களை விட்டுவிடுங்கள். அங்கே வில்லியின் சீருடை மட்டும்தான் நிஜம், செத்தவர்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

இந்தப் படங்களின் டிரெய்லரில் ஒரு ஹெலிகாப்டர் வெடிக்கிறதே, படத்தில் அது எங்கே?

இல்லை. நியூ வேர்ல்டில் டிரெய்லர் வெட்டும் வேலையில் இருந்தவர்கள் ஜோ டான்டியும் ஆலன் ஆர்குஷும். டிரெய்லர் எங்காவது தொய்ந்தால் பிலிப்பைன்ஸில் எடுத்த ஒரு ஹெலிகாப்டர் வெடிப்பைச் செருகிவிடுவார்கள், எந்தப் படத்துக்கான டிரெய்லராக இருந்தாலும் சரி. பிறகு 1976-இல் இந்த இருவரும் சேர்ந்து, பிலிப்பைன்ஸுக்குப் போய் மட்டரகப் படமெடுக்கும் கம்பெனியைக் கிண்டலடித்து 'ஹாலிவுட் பூலவார்ட்' எடுத்தார்கள். பத்தே நாள் படப்பிடிப்பு, சுமார் 60,000 டாலர் செலவு. கம்பெனியின் பழைய படங்களிலிருந்து வெட்டிய துண்டுகளை வைத்தே சண்டைக் காட்சிகளை ஒப்பேற்றினார்கள். தயாரித்தது அதே கம்பெனிதான், அதனால் யாரும் கேட்கவில்லை.